அம்மாவின் முதல் பிரெஞ்சு

பாரிஸின் லா சப்பலில் நம்மோடு வளர்ந்தவர்களை இப்போது எங்காவது கல்யாண வீட்டில் சந்தித்தால், முழங்கால் வலியில் தொடங்கி, பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வதில்லை என்ற கவலையில் வந்து நிற்கிறோம். போன மாதம் எபினேயில் நடந்த கல்யாணத்தில் நம்மில் ஒருத்தி கேட்டாள்: "நீங்கள் எல்லாரும் முதல் முதல் படிச்ச பிரெஞ்சுச் சொல் என்ன?" மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். நன்றிக்கு மெர்சி, மன்னிப்புக்குப் பர்தோன், வணக்கத்துக்குப் போன்சூர். நான் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை. அது பிரெஞ்சே இல்லை. அன்று சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் விளக்கம் சொல்லவும் முடியவில்லை. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி, ஒரு கோடையின் முடிவில் அம்மாவும் நானும் பாரிஸுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா முன்பே வந்து, மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். லிஃப்ட் இல்லை. படிக்கட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினால் மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் அணைந்துவிடும். மீதியைச் சுவரைத் தடவிக்கொண்டு ஏற வேண்டும். ஜன்னலுக்கு எதிரே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும். அது போகும்போதெல்லாம் அலமாரியில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது நின்றால் விழித்துக்கொள்ளத் தொடங்கினேன்.

ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, இங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். காலையில் போனால் நான் தூங்கிய பின்தான் வருவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறைப் பிரெஞ்சு. 'ஷோ' என்றால் சூடு, 'வீத்' என்றால் கெதியாக, சீக்கிரமாக. அதற்கு மேல் அவரிடம் யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அம்மாவின் நிலைமை இன்னும் மோசம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடுகூட இறங்கும்வரை கதைத்துக்கொண்டு வருகிற மனுசி அவர். இங்கே கடையில் விரலால் காட்டிச் சாமான் வாங்கினார். லா சப்பலில் அப்போது தமிழ்க் கடைகள் கொஞ்சம்தான். அங்கே நின்றவர்களும் பெரும்பாலும் தனியாக வந்த ஆண்கள். நாள் முழுக்க அவர் பேசுவதற்கு நான் ஒருத்திதான். மாலையானால் எனக்கும் அலுத்துவிடும்.

எதிர்க் கதவுக்காரியை முதலில் சந்தித்தது படிக்கட்டில்தான். அம்மா அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் நான் எண்ணெய்ப் போத்தலோடு. விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் யாரோ இறங்கி வரும் சத்தம், சவர்க்கார வாசனை, பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"எ கூ இஷே. பெலே, பெலே."

பெரிய கையொன்று மூட்டையின் மறுமுனையைப் பிடித்தது. எங்கள் வாசலில் இறக்கி வைத்து விளக்கைப் போட்டபோதுதான் ஆளைப் பார்த்தோம். ஆபிரிக்கப் பெண், அம்மாவின் வயது இருக்கும். தலையில் மஞ்சள் துணியை உயர்த்திக் கட்டியிருந்தார். முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து மூச்சு வாங்கியபடி அம்மா அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "எ கூ இஷே. கேட்டியே பிள்ளை? பாரம் தூக்கிற ஆக்களைக் கண்டால் பிரெஞ்சுக்காரர் இப்பிடித்தான் சொல்லுறவை போலை."

சிரிக்காதீர்கள். அந்தத் தெருவில் நாங்கள் கண்ட ஆபிரிக்கர்கள் எல்லாரும், எங்கள் காதுக்கு, பிரெஞ்சுதான் பேசினார்கள். தபாற்கந்தோரில், பஸ்ஸில், சந்தையில். இவர் மட்டும் வேறு மொழி பேசுவார் என்று எங்களுக்கு யார் சொல்வது? அவர் நைஜீரியாவில் இபாதான் என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பதும், பேசியது யொரூபா என்பதும் பிறகு தெரிந்தவை. பாரிஸுக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் அவருக்குப் பிரெஞ்சு வராது. பின்னேரங்களில் ஷாத்தோ தோ என்ற பகுதியில் ஒரு கடையில் முடி பின்னப் போவார். அங்கே வேலை செய்பவர்களும் வருபவர்களும் அவருடைய ஊர்ச் சனம். லா சப்பலில் அரை வாழ்நாளைக் கழித்தும் 'போன்சூர்' தாண்டாத நம் மாமாமார் சிலரை நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

அவருடைய கணவர் ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் இரவுக் காவல் செய்தார். காலையில் வந்து தூங்குவார். குழந்தை சத்தம் போட்டால் எழும்பிவிடுவார் என்பதால் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வரத் தொடங்கினார். கணவர் அவரைக் கூப்பிடுவது கதவு வழியாகக் கேட்கும். நீளமான பெயர். அதன் முன்பாதியான 'இயா' மட்டும்தான் எங்களுக்குப் பிடிபட்டது. அம்மாவும் நானும் அவரை இயா என்றே கூப்பிட்டோம்.

பாடம் அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா உப்புப் போத்தலைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். இயா 'இயோ' என்பார். தண்ணீர் 'ஓமி'. மிளகாய் 'அத்தா'. அம்மா ஒவ்வொன்றையும் வாய்க்குள் போட்டுச் சுவைப்பது போலச் சொல்லிப் பார்ப்பார். பிழையாகச் சொன்னால் இயா தொடையில் தட்டிச் சிரிப்பார். சரியாகச் சொன்னால் அம்மாவின் இரண்டு கன்னங்களையும் பிடிப்பார். இருந்தால் ஒரு சொல், நின்றால் ஒரு சொல், வேலை செய்தால் 'எ கூ இஷே', ஒருவர் கஷ்டப்பட்டால் ஆறுதலாகப் 'பெலே', குளிரில் வெளியே போய் வந்தால் அதற்கும் ஒரு வாழ்த்து. 'எ கூ ஒத்துத்து' என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் கைகளைத் தேய்த்துவிடுவார். இந்தக் குளிருக்கு ஒரு மொழியில் ஆறுதல் சொல் இருந்தது அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு நாள் இயா ஒரு தட்டு நிறையப் பொரித்த உருண்டைகளோடு வந்தார். கௌபிப் பயறை ஊறவைத்து, தோலைக் கழற்றி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்துப் பொரித்தது. நம் வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தட்டை மேசையில் வைத்து, வாயைக் காட்டி, "வா ஜெவுன்" என்றார். சாப்பிட வா என்று பொருள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நாங்கள் வந்த பிறகு நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, பிரெஞ்சிலையும் வா எண்டால் வாதான்."

எனக்குத் தனிப் பாடம் ஒன்று இருந்தது. ஒரு காலையில் நான் காலை வணக்கமாக வெறும் 'காரோ' என்று சொல்லிவிட்டேன். இயா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "எ காரோ, மா" என்று திருத்தினார். முன்னால் 'எ' போடாவிட்டால் பெரியவர்களை 'நீ' என்று சொன்ன மாதிரி. அதோடு பெண் பிள்ளை முழங்காலை நிலத்தில் தொட்டு எழும்ப வேண்டும். அவரே செய்து காட்டினார். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "பிரெஞ்சுக்காரரைப் பற்றி ஊரிலை என்னென்னவோ சொன்னவை. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச சனம்," என்றார்.

'போன்சூர்' என்ற சொல் அம்மாவுக்கும் தெரியும். அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று இல்லையா? அதுபோலக் கடைக்குப் போன்சூர், மனுசருக்கு எ காரோ. ஆனால் கொஞ்ச நாளில் பாண் கடைக்காரியும் மனுசிதானே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு காலை, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், "எ காரோ, மா" என்றார். தினமும் நூறு விதமான மொழிகளைக் கேட்டுப் பழகிய அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, பாணை எடுத்துத் தந்தார். அம்மா "எ ஷே" என்று நன்றி சொன்னார். வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தார். "விளங்கிச்சுது அவவுக்கு."

அப்பாவுக்கும் பெருமை. ஒரு நாள் அவர் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று "எ கூ இஷே" என்றார். அப்பா சப்பாத்து நாடாவைக் கட்டியபடி நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு என்னைவிட நல்லா வருது," என்றார். அம்மா அன்று முழுவதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. முதல் நாள் அம்மா எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டார். இயா வந்து அதை அவிழ்த்து, தலையோடு ஒட்ட ஒட்ட வரிசையாகப் பின்னிவிட்டார். தோல் இழுபட்டு என் கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன.

ஆசிரியை இளம்பெண். வகுப்பு வாசலில் என்னைப் பார்த்துக் குனிந்து ஏதோ சொன்னார். நான் முழங்காலை நிலத்தில் தொட்டு, "எ காரோ, மா" என்றேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு ஒரு மேசையைக் காட்டி "வா" என்றார். நான் அவரிடம் போனேன். மறுபடியும் மேசையைக் காட்டி "வா, வா" என்றார். நான் இன்னும் நெருங்கி, அவருடைய பாவாடையில் முட்டுகிற அளவில் நின்றேன். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் 'போ' என்று பொருள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் வாய்மூடி இருக்கிற பிள்ளையாக இருந்திருந்தால் ஒருவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நான் ஓயாமல் பேசினேன். கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பதில் சொன்னேன். வகுப்பில் மாலி, செனெகல் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் அது விளங்கவில்லை. தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். ஆசிரியையும் அப்படித்தான் நினைத்தார். நான் ஒவ்வொரு காலையும் முழங்காலிடுவதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. வீட்டில் அடிக்கு அஞ்சிய பிள்ளை செய்கிற செயல் அது என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

மொழிபெயர்க்கத் தமிழ் அண்ணை ஒருவரைக் கூட்டி வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன், மாணவன். நான் ஆசிரியையோடு பேசுவதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தங்கச்சி, நீர் என்ன பாஷை கதைக்கிறீர்?"

"பிரெஞ்சு," என்றேன்.

அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அறையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்து உளவியலாளரான ஒரு பெண் என்னைத் தனியே இருத்தி வீடு வரையச் சொன்னார். எங்கள் கதவையும் எதிர்க் கதவையும் வரைந்து, இரண்டையும் திறந்து வைத்தேன். அவர்கள் வந்த முடிவு இதுதான்: யுத்தத்தைப் பார்த்து வந்த பிள்ளை, தானாக ஒரு பாஷையை உண்டாக்கி, அதைப் பிரெஞ்சு என்று நம்புகிறாள், வீட்டில் தண்டனை கடுமையாக இருக்கலாம். கொஞ்சக் காலம் வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு எழுந்ததாம். இன்று நினைத்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கவனித்தார்கள், கவலைப்பட்டார்கள். தொட்ட இடம்தான் பிழை.

வீட்டைப் பார்க்க ஒரு சமூக சேவகி வருகிறார் என்ற செய்தி வந்தபோது அப்பாவின் முகத்தில் ரத்தமில்லை. எங்கள் பப்பியே, அதாவது இருப்பதற்கான அனுமதி, இன்னும் கைக்கு வரவில்லை. "பிள்ளையைக் கொண்டுபோயிடுவினமோ?" என்று அம்மா கேட்டார். அவர் வருகிற நாள் வந்தது. அப்பா அன்று வேலைக்குப் போகாமல், இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்றார். அறையில் சாம்பிராணி மணத்தது. அம்மா தரையை இரண்டு தரம் துடைத்திருந்தார்.

சமூக சேவகி நரைத்த தலை, மழை அங்கி. கூடவே அந்த மாணவன். வாசலில் நின்ற அம்மாவுக்கு ஒன்றில் மட்டும் துணிவு இருந்தது. அவர் மொழி படித்தவர். சேலையைச் சரிசெய்துகொண்டு, லேசாக முழங்காலை மடித்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எ காபோ, மா. எ ஜோக்கோ."

வாருங்கள், உட்காருங்கள் என்று பொருள். சமூக சேவகி மாணவனைப் பார்த்தார். மாணவன் அம்மாவைப் பார்த்தார்.

"அன்ரி, தமிழிலை சொல்லுங்கோ. நான் மாத்திச் சொல்லுறன்."

"இல்லைத் தம்பி," அம்மா பணிவாகச் சொன்னார். "நான் அவவோட பிரெஞ்சிலைதான் கதைக்கிறன்."

ஒரு மெத்ரோ போயிற்று, கோப்பைகள் கிணுகிணுத்தன. அந்த மாணவன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது கதவு திறந்தது. ஒவ்வொரு காலையும் போல, இடுப்பில் குழந்தையும் கையில் தட்டுமாக இயா உள்ளே வந்தார். புது ஆட்களைக் கண்டு அவர்களுக்கு வணக்கம் சொன்னார். அம்மா, காப்பாற்ற ஆள் வந்துவிட்ட நிம்மதியில், தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். இயா பதில் சொன்னார். நான் குறுக்கே ஏதோ சொன்னேன். இயா என் தலையில் குட்டி, மரியாதைச் சொல்லைத் திருத்தினார். நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

சமூக சேவகிக்குத்தான் முதலில் விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மாணவனும் சிரித்தார். இயாவைக் காட்டி, மெதுவாக, மிகக் கவனமாக அம்மாவிடம் சொன்னார்: "அன்ரி, இது பிரெஞ்சில்லை. இது அவையின்ர ஊர்ப் பாஷை."

போகும்போது அந்தப் பெண் என் கன்னத்தைத் தடவினார். ஒருவரும் என்னை எங்கேயும் கொண்டுபோகவில்லை. இயாவும் காரணம் தெரியாமலே அவர்களோடு சிரித்துவிட்டுப் போனார்.

அப்பா சிரிக்கவில்லை. கதவு சாத்தியதும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"இவ்வளவு நாளும் எங்களை வைச்சு விளையாடியிருக்கிறா. நீரும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கிறீர்."

"அவவுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்," என்றார் அம்மா.

"தன்ர பாஷை என்னெண்டு தெரியாதோ? இனி அந்தப் பொம்பிளை இஞ்சை வரக்கூடாது."

நாற்காலியில் இருந்து எழும்பச் சொல்ல ஒருவரும் இல்லாத இடம் அப்பாவுக்கு அந்த அறை ஒன்றுதான். அங்கேயும் தான் ஏமாளியாக நின்றுவிட்டதாக அவருக்குப் பட்டது. இதெல்லாம் இந்த வயதில் எனக்கு விளங்குகிறது. அன்று அவர் கத்தினார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த காலை இயா தட்டினார். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். திறக்கவில்லை. மறுநாளும் தட்டினார். அதற்கடுத்த நாள் கதவின் அடிப்பகுதியில் குழந்தையின் கை பட்பட்டென்று அடிப்பது கேட்டது. அம்மா அறை மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். பாண் வாங்க என்னை அனுப்பினார். கடையில் முகம் காட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுபடியும் அவருக்குப் பேச நான் ஒருத்திதான். இம்முறை என்னோடும் அதிகம் பேசவில்லை.

அப்பாவின் ஓய்வு நாளில் தட்டியது வேறு மாதிரியான தட்டல். அப்பாவே திறந்தார். இயாவின் கணவர் தூக்கம் கெட்ட சிவந்த கண்களோடு நின்றார். பின்னால் இயா. கணவர் ஆங்கிலத்தில் பேசினார். அப்பாவுக்கும் கச்சேரி ஆங்கிலம் வரும். அப்பா அதைத் துண்டு துண்டாகத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னார். அப்போதுதான் நானும் கேட்டேன்.

தன் மனைவி என்ன பிழை செய்தாள் என்று கேட்க வந்தேன் என்றாராம் அவர். இவள் ஒவ்வொரு நாளும் அழுகிறாள். இந்த நகரத்தில் இவளுடைய மொழி என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் மனைவிதான் உப்பைத் தூக்கிக் காட்டி இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். இவள் அன்று வந்து என்னை நித்திரையால் எழுப்பிச் சொன்னாள், எதிர்வீட்டுப் பெண் நம் மொழியைப் படிக்கிறாள் என்று.

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"இன்னும் ஏதோ சொல்லுறார்," என்றார் அப்பா. "அவைக்கு ஊரிலை ஒரு மகள் இருக்கிறாளாம். பத்து வயது. ஐந்து வயதிலை தங்கச்சியிட்டை விட்டிட்டு வந்தவவாம். பப்பியே கிடைச்சால்தான் எடுப்பிக்கலாமாம். இயா எண்டது பேரில்லையாம். அம்மா எண்டு அர்த்தமாம். அதுக்குப் பின்னாலை வாறதுதான் அந்தப் பிள்ளையின்ர பேராம். இன்னாருடைய அம்மா எண்டுதான் அவையின்ர ஊரிலை கூப்பிடுறதாம்."

நாங்கள் பிடிக்காமல் விட்ட பின்பாதி அந்தப் பெண் பிள்ளை. இத்தனை நாளும் அவரை அம்மா, அம்மா என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து, தன் நாற்காலியை இழுத்து அந்த மனிதருக்குப் போட்டார். "தேத்தண்ணி வையுமன்," என்றார் அம்மாவிடம். அம்மா அசையவில்லை. இயாவைப் பார்த்து, "எ ஜோக்கோ" என்றார். என்ன மொழி என்று தெரிந்துகொண்டு அவர் அதைப் பேசியது அதுதான் முதல் தடவை. இயா உட்காரவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றார். தேத்தண்ணியை அப்பாதான் வைத்தார். சீனி கூடிப்போயிற்று.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். உண்மையான பிரெஞ்சு வந்தது. பிள்ளைகளுக்கு அது சளி மாதிரி வருமே, அப்படித்தான். வசந்தகாலத்துக்குள் நான் மாலிப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அம்மா அரசாங்க வகுப்புக்குப் போனார். காலையில் இயாவோடு யொரூபா, பின்னேரம் பிரெஞ்சு. "இரண்டும் வேணும்," என்பார்.

இயாவுக்குப் பப்பியே கிடைத்தது. ஈஸ்டர் விடுமுறை முடிகிற சமயம் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாள்.

விமான நிலையத்துக்குப் போகுமுன் இயா மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்து தலைத் துணியை மாற்றிக் கட்டிக் காட்டினார். திரும்பி வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாள் எங்கள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாளாம். கொடுத்ததைச் சாப்பிடுகிறாளாம். அம்மா என்று கூப்பிடவில்லை. ஊரில் சித்தியை அம்மா என்று கூப்பிட்டுப் பழகியவள். இவரை மரியாதையாக, வழியில் கண்ட ஒரு பெரிய மனுசியைக் கூப்பிடுவது போல் கூப்பிடுகிறாள். என் அம்மா இயாவின் முதுகைத் தடவிக்கொண்டு "பெலே, பெலே" என்றார். வேறு சொல் அவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் அந்தப் பிள்ளை நின்றாள். என்னைவிட உயரம். இரண்டு அளவு பெரிய சிவப்புக் குளிரங்கி. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்றுக்கும் பதில் சொல்கிறாளில்லை," என்றார் தலைமை ஆசிரியை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீ... அந்த மொழியில் பேசிப் பார்க்கிறாயா?" என்றார்.

நான் "காபோ" என்று வரவேற்றேன். ஒத்த வயது என்பதால் 'எ' போடவில்லை. உனக்குக் குளிர்கிறதா, பசிக்கிறதா, பயப்படாதே, இங்கே தொந்தரவு இல்லை என்று தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் மெதுவாகத் திரும்பினாள். என் தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்தாள்.

"நீ ஏன் பெரிய மனுசி மாதிரிப் பேசுகிறாய்?" என்று யொரூபாவில் கேட்டாள்.

அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. தலைமை ஆசிரியையைக் கண்ணால் காட்டி, "இந்த ஒயின்போ என்ன கேட்கிறது?" என்றாள். வெள்ளைக்காரரைப் பிள்ளைகள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்வார்களாம். இயா எனக்குச் சொல்லித் தராத சொல். அவளிடமிருந்து பிறகு நான் கற்ற சொற்களை எல்லாம் இங்கே எழுத முடியாது.

"உனக்கு யார் படிப்பித்தது?" என்றாள்.

"உன் அம்மா."

அவள் குளிரங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகுவதை நிறுத்தினாள். பிறகு தலையைக் குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அவள் எப்படிப்பட்டவள்?"

இந்த வயதிலும் எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் இடிக்கிறது. அன்று அது சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. எனக்கு விடை தெரிந்த கேள்வி. இருந்த சொற்களைக் கொண்டு சொன்னேன். சமைக்கும்போது பாடுவார். பிழையாகப் பேசினால் சிரிப்பார். மிளகாய் அதிகம் போடுவார். எப்போதும் குளிர் என்பார். பின்னும்போது தலை நோகும், ஆனால் பின்னி முடித்ததும் உச்சியில் கை வைத்துக்கொண்டு இருப்பார், உடனே எடுக்க மாட்டார். உன் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

"என்ன கேட்கிறாள்?" என்றார் தலைமை ஆசிரியை.

"குளிர்கிறதாம்," என்றேன் பிரெஞ்சில்.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

பின்னேரம் பள்ளி விட்டபோது வாசலில் அம்மாவும் இயாவும் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. இயா முடி பின்னும் கடைக்குப் போகாமல் நின்றிருந்தார். கிட்ட வருவதா, தள்ளி நிற்பதா என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஓடிப்போய் அம்மாவின் கையில் பையைத் திணித்துவிட்டு முன்னால் நடந்தேன்.

எனக்குப் பின்னால் வந்தவள் நின்றாள். நான் செய்ததைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் தங்கள் அம்மாமாரிடம் பையைக் கொடுப்பதைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி, முகத்தைப் பார்க்காமலே, இயாவின் கையில் கொடுத்துவிட்டு என்னோடு சேர்ந்து நடந்தாள். வழியில் குட்டைகளைத் தாண்டினோம். அவள் எனக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் தந்தாள்.

தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். இயா இன்னும் அந்த இடத்திலேயே, பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்தபடி, நடைபாதையின் நடுவே நின்றார். ஆட்கள் விலகிப் போனார்கள். அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்.